எடைக்கு எடை மாறாது

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ கோயம்புத்தூர் கணினி அலுவலகத்திலோ சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பிச் செம்மறிப் பண்ணை போடும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் மேச்சேரிச் செம்மறி மேய்வதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அதில் சந்தோஷம்தான். என்னைப் பார்க்க வந்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "அய்யா, கடலைப் புண்ணாக்கு கட்டுப்படி ஆகறதில்லைங்க. அதுக்குப் பதிலா வேற எந்தப் புண்ணாக்கு போடலாம்ங்க?"

"போடலாம் கண்ணு. எந்த வயசுக் குட்டிக்கு, எத்தனை கிராம், எத்தனை நாள்ல மாத்தப்போறே?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பல பேர் முழிப்பார்கள். மாற்றுப் பொருளின் பெயர் தெரிந்தால் போதும் என்று நினைத்து வந்திருப்பார்கள். பெயரைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். வயதுக்கும் உடம்புக்கும் தக்கபடி அளவு கட்டுவதுதான் வேலை. பட்டியில் கற்றுக்கொண்ட இந்தப் பாடம் எனக்கு வீட்டிலும் உதவியிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாற்று என்றாலே மட்டம் என்று முகம் சுளிக்க வேண்டாம். இன்றைக்கு நாம் 'வழக்கமான தீவனம்' என்று சொல்லும் கடலைப் புண்ணாக்கே ஒரு காலத்தில் மாற்றாக வந்ததுதான். நிலக்கடலை தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுச் சீமையில் அது பரவி, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறியது. அதற்கு முன்பு நம் செக்குகளில் ஆடியது எள், தேங்காய், ஆமணக்கு, இலுப்பை. கடலை வந்தது, அதன் புண்ணாக்கை மாடும் ஆடும் விரும்பித் தின்றன, மற்றவை பின்னுக்குப் போயின. இரண்டு மூன்று தலைமுறை பழகினால் எதுவும் பழைய வழக்கமாகிவிடும். ஆகவே புதிதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், பழையதை விட்டால் குடி முழுகிவிடும் என்று நினைக்கவும் வேண்டாம்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டால், கேட்கும் வாய்கள் அதிகமாகிவிட்டன. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குப் புரதம் வேண்டும், பால் மாட்டுக்கு வேண்டும், மீன் பண்ணைக்கும் வேண்டும். சோயாப் புண்ணாக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வந்தாக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் நம் செம்மறிக் குட்டிக்கும் பங்கு வேண்டுமென்றால், ஒரே பொருளை நம்பியிருப்பது ஆபத்து. ஒரே வருமானத்தை நம்பிய குடும்பம் அந்த வருமானம் நின்ற மாதத்தில் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி குட்டியைப் பார்ப்போம். பிறந்த குட்டிக்குப் பெயருக்குத்தான் நான்கு அறை வயிறு. சீம்பாலும் பாலும் பெருவயிறு என்ற முதல் அறையைத் தொடாமல் நேராக நான்காவது அறைக்குப் போய்விடும். இரண்டு மூன்று வாரத்தில் குட்டி புல்லை மெல்லக் கொறிக்கத் தொடங்கும். அந்தக் கொறிப்பில்தான் பெருவயிறு வளர ஆரம்பிக்கிறது. அது ஓரளவு வேலைக்கு வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். மூன்று மாதத்தில் தாயிடமிருந்து பிரிக்கிறோம். அதற்குப் பிறகு வரும் சில மாதங்கள்தான் சதை வைக்கும் காலம். அந்தக் காலத்தில் புரதம் குறைந்தால் குட்டி சாகாது. எலும்பும் தோலுமாக நிற்கும். பின்னால் எவ்வளவு கொட்டினாலும் இழந்ததை முழுசாக ஈடுகட்ட முடிவதில்லை. பிள்ளைகளுக்குச் சோறும் கவனிப்பும் எந்த வயதில் வேண்டுமோ அந்த வயதில் தராமல், கல்யாண வயதில் காரும் வீடும் வாங்கித் தருகிறவர்களை எனக்குத் தெரியும்.

தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு மேய்ச்சலோடு நாளுக்கு 100 கிராம் அடர்தீவனத்தில் தொடங்கி, எடை கூடக் கூட 200, 250 கிராம் வரை கொண்டுபோகலாம். அந்தத் தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 16, 17 இருந்தால் நல்லது. 100 கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 45 கிலோ, கடலைப் புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 32, தாது உப்பு 2, சாதாரண உப்பு 1 என்று போட்டால் புரதம் ஏறக்குறைய 17 சதவீதம் வந்துவிடும்.

மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். அந்த 20 கிலோ கடலைப் புண்ணாக்கை எடுத்துவிட்டு, அதே 20 கிலோ தேங்காய்ப் புண்ணாக்கைப் போடுவார்கள். சாக்கு அதே எடைதான். ஆனால் கடலைப் புண்ணாக்கில் புரதம் 40-க்கு மேல். தேங்காய்ப் புண்ணாக்கில் 20, 22. கலவையின் புரதம் 13 அளவுக்கு இறங்கிவிடும். குட்டி வயிறு நிறையத் தின்னும், எடை ஏறாது. "தேங்காய்ப் புண்ணாக்கு சரியில்லை" என்று பழி அதன் தலையில் விழும். சரியான மாற்று எப்படி? கடலைப் புண்ணாக்கைப் பாதியாக, 10 கிலோவாகக் குறையுங்கள். தேங்காய்ப் புண்ணாக்கு 20 கிலோ சேருங்கள். மக்காச்சோளத்தை 40 ஆகவும் தவிட்டை 27 ஆகவும் ஆக்குங்கள். புரதம் 16-ஐ ஒட்டி நிற்கும். எடைக்கு எடை மாற்றக் கூடாது. புரதத்துக்குப் புரதம் மாற்ற வேண்டும்.

காசுக் கணக்கும் அப்படித்தான். உதாரணத்துக்குச் சொல்கிறேன்: ஒரு புண்ணாக்கு கிலோ 42 ரூபாய், புரதம் 42 சதவீதம் என்றால், ஒரு கிலோ புரதம் உங்களுக்கு 100 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இன்னொன்று கிலோ 28 ரூபாய்தான். ஆனால் புரதம் 21 சதவீதம் என்றால் ஒரு கிலோ புரதத்தின் விலை 133 ரூபாய். கடைக்காரர் 28 ரூபாயைச் சொல்லும்போது மலிவாகத் தெரியும். நோட்டில் எழுதிப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். எண்ணெய் தரும் சக்தியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் புரதத்துக்காக வாங்கும் பொருளைப் புரதக் கணக்கில்தான் முதலில் நிறுக்க வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மரச்செக்கில் ஆட்டிய புண்ணாக்கு, எக்ஸ்பெல்லரில் பிழிந்த புண்ணாக்கு, கரைப்பான் ஆலையில் எண்ணெய் எடுத்த புண்ணாக்கு, மூன்றும் ஒன்றல்ல. செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் நூற்றுக்குப் பத்து அளவில்கூட நிற்கும். எக்ஸ்பெல்லரில் 6, 7 வரும். கரைப்பான் ஆலையில் ஒன்றுதான் மிஞ்சும். எண்ணெய் இருந்தால் சக்தி உண்டு, வாசனை உண்டு, குட்டி ஆசையாகத் தின்னும். ஆனால் மொத்தத் தீனியில் எண்ணெய் நூற்றுக்கு 5, 6-ஐத் தாண்டினால் பெருவயிற்றில் நார் செரிப்பது கெட்டுப்போகும்; சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்கும். ஆக, கடையில் பெயரை மட்டும் கேட்காமல், எப்படி ஆட்டியது என்றும் கேட்க வேண்டும்.

நம் பக்கம் கிடைக்கும் மாற்றுகளில் எனக்குப் பிடித்தது எள்ளுப் புண்ணாக்கு. புரதம் 35-லிருந்து 40 வரை வரும். கடலைப் புண்ணாக்கில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற சத்து எள்ளில் கூடுதல். அதனால் இரண்டையும் கலந்து போட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். பெருவயிறு இன்னும் முழுசாக வளராத குட்டிக்கு இது பெரிய உதவி. தேங்காய்ப் புண்ணாக்கு காங்கேயம், வெள்ளக்கோவில் உலர்களங்களும் எண்ணெய் மில்களும் இருக்கும் வரை நமக்குத் தட்டுப்பாடாகாது. புரதம் குறைவென்றாலும் வயிற்றுக்கு இதமானது. சூரியகாந்திப் புண்ணாக்கில் தோல் நீக்கியதா, நீக்காததா என்று பார்க்க வேண்டும். தோலோடு இருந்தால் நார்தான் அதிகம். ராஜஸ்தான் பக்கம் கடுகுப் புண்ணாக்கைத்தான் ஆடு மாட்டுக்குப் போடுகிறார்கள். அதிலுள்ள காரச் சத்து அளவு மீறினால் தைராய்டைக் கெடுக்கும், வாயிலும் பிடிக்காது. கொஞ்சமாகக் கலந்தால் குற்றமில்லை.

பருத்திக்கொட்டையை ஆட்டி எருதுக்கு வைத்த காலம் நம் அப்பாருமார் காலம். அதன் புண்ணாக்கும் நல்ல தீவனம்தான், ஆனால் யாருக்கு என்பதில் கவனம் வேண்டும். பருத்தி விதையில் காசிப்பால் என்ற நஞ்சு இருக்கிறது. வளர்ந்த ஆட்டின் பெருவயிறு அதைப் புரதத்தோடு பிணைத்து அடக்கிவிடும். பெருவயிறு முதிராத பால்குடிக் குட்டிக்கு அந்தத் திறமை கிடையாது, இதயத்தைத் தாக்கும். பொலிகிடாய்க்குத் தொடர்ந்து அதிகம் கொடுத்தால் விந்தும் கெடும். ஒரே புண்ணாக்கு, தாய்க்கு ஆகாரம், குட்டிக்கு நஞ்சு. நாங்கள் கஷ்டத்தில் வளர்ந்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நீயும் அப்படியே வளரு என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம்மால் தாங்க முடிந்தது என்பது அவர்களும் தாங்குவார்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது.

இன்னும் சில புண்ணாக்குகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஆசை காட்டிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆமணக்குப் புண்ணாக்கில் ரைசின் இருக்கிறது. அது உயிரைக் குடிக்கும் விஷம். அதை வயலுக்குப் போடுங்கள், பட்டிப் பக்கம் சாக்கைக்கூட வைக்காதீர்கள். இலுப்பைப் புண்ணாக்கில் சபோனின் என்ற நுரைச் சத்து உண்டு. அதனால்தான் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். குளத்தில் வேண்டாத மீனைக் கொல்லவும் போட்டார்கள். மீனைக் கொல்லும் பொருளைக் குட்டிக்குப் போடும் முன் நூறு முறை யோசிக்க வேண்டும். புங்கன் புண்ணாக்கும் கசப்பு நஞ்சுள்ளது. வேப்பம் புண்ணாக்கை உத்தரப் பிரதேசத்து இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தார் தண்ணீரில் கழுவியும், காரத்தில் ஊறவைத்தும், யூரியா கலந்து மூடிவைத்தும் கசப்பைக் குறைத்து, தீவனமாக்க வழி தேடியிருக்கிறார்கள். அது நல்ல ஆராய்ச்சி. அதற்காக உரக்கடையில் மண்ணும் தூசியும் கலந்து விற்கும் வேப்பம் புண்ணாக்கை வாங்கி வந்து வீட்டில் கழுவிப் போடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் அளந்து செய்வதை நாம் கையளவில் செய்யப் புகுந்தால் விலை கொடுப்பது குட்டி.

நஞ்சில்லாத புண்ணாக்கும் நஞ்சாகும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. தேடிப் பார்த்தால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம். அந்தப் பூசணம் சுரக்கும் விஷத்துக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். வேகவைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் அது ஒழிந்துவிடாது. பூசணம் கண்ணுக்குத் தெரியாத புண்ணாக்கிலும் அது இருக்கலாம். வளர்ந்த செம்மறி ஓரளவு தாங்கும். குட்டியின் ஈரல் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாக்குகளைத் தரையில் அடுக்காமல் பலகை போட்டு, சுவரைத் தொடாமல் வையுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று மழைக்காலத்தில் மூட்டை மூட்டையாகச் சேர்க்காதீர்கள். கட்டிதட்டி, நிறம் மாறி, முக்கல் வாடை அடித்தால் உரக்குழிக்குத்தான் அது. "காசு கொடுத்து வாங்கினது, வீணாக்கலாமா?" என்று கேட்பார்கள். கெட்டதை ஒருமுறை வீசினால் ஒரு மூட்டை போகும். வீசத் தயங்கினால் பட்டி போகும்.

பொருளும் அளவும் சரியாகிவிட்டால் மிச்சம் இருப்பது பொறுமை. பெருவயிறு ஒரு ஊர் மாதிரி; அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, அவைதான் தீனியைச் செரித்துக் கொடுக்கின்றன. அவற்றுக்குப் புதுத் தீனி பழக நாள் வேண்டும். முதல் சில நாள் பழையது முக்கால், புதியது கால். பிறகு பாதிக்குப் பாதி. இரண்டு வாரத்தில் முழுசாக மாறலாம். ஒரே நாளில் மாற்றி, அதுவும் நிறையக் கொட்டினால், குடலில் சும்மா கிடந்த கிருமி பெருகித் துள்ளுமாரி நோய் வரும். கொழுகொழுவென்று நின்ற குட்டிதான் முதலில் விழும். தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கம் செய்த பிறகு தீவனத்தைக் கூட்டுவதே முறை. யூரியா கலந்த தீவனம் குட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

புண்ணாக்கிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் அதிகம். சுண்ணாம்புச் சத்து அதற்கு ஈடாக இல்லையென்றால் கிடாய்க்குட்டிகளுக்கு மூத்திரத்தில் கல் அடைக்கும். கலவையில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கல் தூள், தொட்டி நிறையத் தண்ணீர், கூடவே உப்பு இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். தாது உப்பிலும் ஒரு எச்சரிக்கை: செம்மறிக்குத் தாமிரம் கூடினால் ஆகாது. மாட்டுக்கும் கோழிக்கும் செய்த கலவையைத் தொடர்ந்து போட்டால் தாமிரம் ஈரலில் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று மஞ்சள் காமாலையோடு கவிழ்த்துவிடும். மலேசியாவில் பனையெண்ணெய்க் கொட்டைப் புண்ணாக்கையே முக்கியத் தீனியாகப் போட்ட செம்மறிகளுக்கு இப்படித்தான் நடந்தது. அதே புண்ணாக்கு அங்கே மாட்டுக்கு நல்ல தீவனம். மாட்டுக்கு ஆனது ஆட்டுக்கும் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புண்ணாக்கு ஒன்றுதான் புரதம் என்றும் நினைக்க வேண்டாம். வேலியோரம் அகத்தி, கல்யாணமுருங்கை, கொஞ்சம் இடத்தில் வேலிமசால் வைத்தால் புண்ணாக்குச் செலவில் ஒரு பகுதி மிச்சம். சூபாபுல் தழை நல்லதுதான். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மயிர் கொட்டும். வெள்வேலங்காய் உதிரும் பருவத்தில் கொறங்காட்டில் மேய்ந்து வரும் ஆட்டின் வயிற்றைப் பாருங்கள். நாம் காசு கொடுத்து வாங்குவதை மரம் சும்மா கொடுத்திருக்கும். கடலைக்கொடியைக் காயவைத்து அடுக்கிவைத்தால் கோடைக்கு ஆகும்.

என் வயதில் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் பெரிய தத்துவம் ஏதும் சொல்ல எனக்குத் தெரியாது. எண்ணெய் போன பிறகு மிஞ்சும் சக்கையில் ஒரு உயிரை வளர்க்கும் சத்து இருக்கிறது. அந்தச் சத்தோடு சேர்ந்து நஞ்சும் இருக்கலாம். சக்கை என்று ஒதுக்குகிறவன் சத்தை இழக்கிறான்; சும்மா கிடைக்கிறதென்று அள்ளிக் கொட்டுகிறவன் குட்டியை இழக்கிறான். மனிதர்களோடு பழகும்போதும் எனக்கு இதே கணக்குதான் பயன்பட்டது. வேலைக்கு வந்தவரானாலும் வீட்டுக்கு வந்த மருமகளானாலும், ஒருவர் போன இடத்தில் இன்னொருவரை வைத்து, அவர் செய்ததையே அதே அளவில் இவரிடமும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவரவர் தருவது என்ன, தாங்குவது எவ்வளவு என்று பார்த்து, பழகுவதற்கு நாளும் கொடுத்தால் பெரும்பாலும் குடும்பம் ஓடும், பண்ணையும் ஓடும்.

பண்ணை தொடங்கும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். நோட்டு ஒன்று போடுங்கள். வாங்கிய புண்ணாக்கின் பெயர், விலை, புரதம், எண்ணெய், ஈரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு கிலோ மாதிரியை எடுத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்புங்கள். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978-லிருந்து மேச்சேரிச் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். புதுப் புண்ணாக்கைப் பட்டி முழுக்கப் போடுவதற்கு முன் நாலு குட்டிக்குப் போட்டு, வாரா வாரம் தராசில் ஏற்றுங்கள். தராசு சொன்ன பிறகு மற்றவற்றுக்குப் போடுங்கள்.